படம் எடுத்தாரா, எடுக்கலையா?

ஆப்பில் படம் வரவில்லை என்று யாராவது சொன்னால், முதலில் வரும் பதில் "நெட் ஸ்லோவா இருக்கும்" என்பதுதான். ஆப் எழுதுகிறவர்களே இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பதில் பிடிப்பதில்லை. சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நெட் சுமார்தான், அதை நான் மறுக்கவில்லை. ஏலம் நடக்கிற நேரத்தில் அத்தனை பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பார்கள், சிக்னல் கட்டை இரண்டு காட்டும், ஒன்றும் நகராது. ஆனால் அதே இடத்தில், அதே போனில், அதே நேரத்தில் வாட்ஸாப்பில் படம் வந்துவிடுகிறது. "அதுல வருது, இதுல ஏன் வர்ல?" என்று ஒருவர் கேட்டால், நெட்டைக் கைகாட்டிவிட்டுப் போக முடியாது. அந்தக் கேள்வி ரொம்ப நாள் என்னை விடவில்லை. கேட்டவர் ஒரு படகு மேஸ்திரி.

அவர் வேலை விசைப்படகுகளைப் பழுது பார்ப்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. படகைக் கரையேற்றி, அடிப்பாகத்தைச் சுரண்டி, இற்றுப்போன பலகையைப் பிடுங்கி, புதுப் பலகை வைத்து, இடுக்குகளை அடைத்து, மேலே ஃபைபர் ஒட்டி, பெயின்ட் அடித்து, மறுபடி தண்ணீரில் இறக்குவதுவரை அவர் பொறுப்பு. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர் செய்கிற வேலையில் முக்கியமான பாதி, வேலை முடிந்ததும் கண்ணுக்குத் தெரியாது. பலகையை மாற்றினாரா, பழைய பலகை மேலேயே ஃபைபரை ஒட்டிவிட்டாரா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. படகை மறுபடி பிரித்தால்தான் தெரியும். அதனால் அவருடைய மகள் யோசனை சொல்லி, ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வைக்க ஒரு சின்ன ஆப் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். யாரோ ஒரு பையன் செய்து கொடுத்துவிட்டு வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். அப்புறம் அது என் கைக்கு வந்தது.

பையன் மோசமாக எழுதவில்லை. படம் எடுக்கலாம், எந்தப் படகு என்று குறிக்கலாம், படகு முதலாளி தன் போனிலிருந்து பார்க்கலாம். படங்கள் கிளவுடில் இருந்தன. எடுத்த உடனே பார்த்தால் எல்லாம் வேலை செய்தது. தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன பிறகுதான் சிக்கல் வந்தது.

ஒரு படகில் தண்ணீர் ஏற ஆரம்பித்திருக்கிறது. மூழ்கிவிடும் அளவுக்கு இல்லை, ஆனால் பம்ப் அடிக்கடி ஓட வேண்டியிருந்தது. கரைக்கு வந்ததும் முதலாளி நேராக மேஸ்திரியிடம் வந்தார். கையில் போன். ஆப்பைத் திறந்து தன் படகின் பக்கத்தைக் காட்டினார். "அடிப்பலகை" என்று தலைப்பு இருந்தது, தேதி இருந்தது, படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் கட்டம். ஒன்றல்ல, வரிசையாக. "போட்டோவே எடுக்கல நீ. பலகையும் மாத்தல, அதான் எடுக்கல" என்று பத்து பேர் முன்னால் சொல்லிவிட்டார். மேஸ்திரி என்னைக் கூப்பிட்டபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை. "நான் எடுத்தேன் தம்பி. என் கையால எடுத்தேன். நீ பாத்து சொல்லு" என்றார்.

முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கரையில் வேலை செய்த மனிதரை ஒரு வெள்ளைக் கட்டம் பொய்யராக்கிவிட்டது. படம் மெதுவாக வருவது ஒரு சின்னத் தொந்தரவு என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சில இடங்களில் படம்தான் ஒரே சாட்சி.

தேதி போட்ட லிங்க்

அன்று இரவு தண்டையார்பேட்டையில் என் வீட்டில் உட்கார்ந்து கிளவுட் கணக்கைத் திறந்தேன். படம் இருந்தது. மே மாதத் தேதி, நாலு எம்பிக்குக் கொஞ்சம் அதிகம், பழைய பலகையைப் பிடுங்கிய இடத்தில் புதுப் பலகை உட்கார்ந்திருப்பது, ஆணி வரிசை உட்படத் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு அடுத்த படமும் இருந்தது. எல்லாமே இருந்தது. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் இன்னும் கோபம். இத்தனை நாள் பத்திரமாக இருந்த படத்தை ஆப் ஏன் காட்டவில்லை?

ஆப் எந்த லிங்க்கைக் கேட்கிறது என்று பார்த்து, அதே லிங்க்கை லேப்டாப் பிரவுசரில் போட்டேன். படத்துக்குப் பதில் நாலு வரி எழுத்து வந்தது. அனுமதி இல்லை, கோரிக்கையின் காலம் முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில். அவ்வளவுதான். மாதக்கணக்கில் எல்லாரும் நெட்டைத் திட்டிக்கொண்டிருக்க, சர்வர் ஒவ்வொரு முறையும் காரணத்தைத் தெளிவாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆப் அதை வாங்கி, இது படம் இல்லை என்று மட்டும் முடிவு செய்து, வெள்ளைக் கட்டத்தைப் போட்டுவிட்டது.

நடந்தது இதுதான். கிளவுடில் வைத்த படத்தை ஊருக்கே திறந்துவைக்காமல், உரியவருக்கு மட்டும் காட்ட ஒரு வழி இருக்கிறது. கையெழுத்திட்ட லிங்க் என்று சொல்வார்கள். அந்த லிங்க்குக்குள்ளேயே எந்தப் படம், எப்போது கையெழுத்தானது, எவ்வளவு நேரம் செல்லும் என்பதெல்லாம் இருக்கும். நேரம் முடிந்தால் செல்லாது. அமேசான் எஸ்3-யிலும் சரி, கூகுள் கிளவுட் ஸ்டோரேஜிலும் சரி, இப்போதுள்ள நாலாம் பதிப்புக் கையெழுத்து முறையில் அதிகபட்சம் 7 நாள், அதாவது 6,04,800 விநாடி. அதற்கு மேல் கேட்டாலும் கொடுக்காது. பையன் படம் ஏறியதும் ஒரு லிங்க் வாங்கி, அந்த லிங்க்கையே தரவுத்தளத்தில் எழுதிவைத்திருந்தான். சென்ட்ரலில் பிளாட்பார்ம் டிக்கெட் இரண்டு மணி நேரம்தான் செல்லும், அதை பீரோவில் வைத்துப் பூட்டினால் அடுத்த மாதம் உள்ளே விடுவார்களா? அதே கதைதான். எழுதிவைக்க வேண்டியது படம் இருக்கும் பாதையை மட்டும். லிங்க்கைப் பார்க்கும் நேரத்தில் புதிதாக வாங்க வேண்டும்.

இது தெரிந்ததும் எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் சில படங்கள் ஏழு நாள் தாங்கியிருந்தன, சில படங்கள் எடுத்த அன்று சாயங்காலமே போயிருந்தன. மேஸ்திரியின் மகள் இதைச் சரியாகக் கவனித்து முன்பே சொல்லியிருந்தாள், யாரும் காதில் வாங்கவில்லை. காரணம் இன்னும் ஒரு படி உள்ளே இருந்தது. கையெழுத்துப் போடும் சர்வருக்கே தற்காலிக அனுமதிதான் கொடுக்கப்பட்டிருந்தால், அந்த அனுமதி முடியும்போது அது போட்ட கையெழுத்தும் சேர்ந்து முடிந்துவிடும். லிங்க்கில் ஏழு நாள் என்று எழுதியிருந்தாலும் பயனில்லை. இப்போது பெரும்பாலான சர்வர் அமைப்புகள் தற்காலிக அனுமதியில்தான் ஓடுகின்றன, பாதுகாப்புக்கு அதுதான் நல்லது. ஆனால் "ஏழு நாள் போட்டிருக்கேனே" என்று உட்கார்ந்திருப்பவருக்கு இது கண்ணில் படவே படாது.

மறுநாள் முதலாளியிடம் நானே போனேன். மேஸ்திரி கூப்பிடவில்லை, போகாதே என்றுகூடச் சொன்னார். படகு மேலேயே உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் அவசரப்படவில்லை. விரலால் பெரிதாக்கி ஆணி வரிசையைப் பார்த்தார், பக்கத்தில் தெரிந்த பழைய இரும்புப் பட்டையைப் பார்த்துத் தன் படகுதான் என்று உறுதி செய்துகொண்டார். அந்தப் பட்டையை மூன்று வருடம் முன்னால் போட்டது அவரேதானாம். எழுந்து மேஸ்திரி வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்கு நடந்து போனார். நான் பின்னால் போகவில்லை. தண்ணீர் ஏறியது, விசிறியைச் சுற்றும் ஷாப்ட் படகை விட்டு வெளியே போகிற இடத்தில், அங்கே தண்ணீரைத் தடுக்கிற பேக்கிங் தளர்ந்ததால். அதை அன்றே சரிசெய்தார்கள்.

ஒரே கட்டம், நாலு அர்த்தம்

லிங்க்கைச் சரிசெய்வது சுலபமான வேலை. ஆப் திறந்ததும் நம் சர்வரிடம் பாதையைக் கொடுத்துப் புது லிங்க் வாங்கும்படி மாற்றினால் போதும், மாற்றியும் ஆயிற்று. ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. நாளைக்கு வேறு காரணத்தால் ஒரு படம் வராமல் போகலாம், அப்போதும் இதே வெள்ளைக் கட்டம்தான் வரும், இதே பேச்சுதான் நடக்கும். வெள்ளைக் கட்டத்தைப் பார்க்கிறவர் அதை எப்படிப் படிப்பார்? படம் எடுக்கவில்லை என்று படிக்கலாம். எடுத்தார், இன்னும் ஏறவில்லை என்று படிக்கலாம். ஏறிவிட்டது, என் போனுக்கு வந்துகொண்டிருக்கிறது என்று படிக்கலாம். இருக்கிறது, இப்போது எடுக்க முடியவில்லை என்றும் படிக்கலாம். நாலும் வேறு வேறு செய்தி. அதில் முதலாவது மட்டும்தான் மேஸ்திரியின் பொறுப்பு, மீதி மூன்றும் எங்கள் பொறுப்பு. நாலுக்கும் ஒரே கட்டத்தைக் காட்டினால் பழி எப்போதும் மேஸ்திரி மேல்தான் விழும்.

படத்தை நம்பகமாகக் காட்டுவது என்றால் வேகமாகக் காட்டுவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். என் கருத்து வேறு. படம் வர நேரமாகலாம், வராமலும் போகலாம், ஆனால் படத்தைப் பற்றி ஆப் தவறான தகவல் சொல்லவே கூடாது. அதை முதலில் உறுதி செய்துவிட்டு வேகத்துக்குப் போகலாம்.

இதற்கு வாட்ஸாப்பிடமிருந்தே ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். அதில் படம் இறங்குவதற்கு முன்பே மங்கலாக ஒன்று தெரியும் இல்லையா, அது செய்தியோடு சேர்ந்தே வந்துவிடுகிற மிகச் சின்னப் பிரதி. பெரிய படம் வரட்டும் வராமல் போகட்டும், அங்கே ஒரு படம் இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடுகிறது. மேஸ்திரி கேட்ட கேள்விக்குப் பதில் இதில்தான் இருந்தது. வாட்ஸாப் அதே மோசமான நெட்டில்தான் ஓடுகிறது, ஆனால் பார்க்கிறவரைக் குழப்பத்தில் விடுவதில்லை. நாங்களும் அதையே செய்தோம். மேஸ்திரி படம் எடுத்ததும் போனே விரல்நுனி அளவுக்கு ஒரு மங்கல் பிரதி செய்து, படகின் பெயர், தேதியோடு சேர்த்து முதலில் அனுப்பிவிடும். ஒரு கேபிகூட இருக்காது, செத்துப்போன சிக்னலிலும் போய்ச் சேரும். பிளர்ஹாஷ் என்று ஒரு முறை இருக்கிறது, இருபது முப்பது எழுத்தில் படத்தின் நிறங்களை மட்டும் அடைத்துவிடும், அதையும் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் படகின் அடிப்பாகம் என்றால் எல்லாமே ஒரே பழுப்பு, ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்ல முடியாது. பலகையின் கோடாவது தெரிய வேண்டும் என்று குட்டிப் படத்தையே வைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்து முந்நூறு பிக்சல் அகலத்தில் பட்டியலுக்கான படம் ஏறும், கடைசியில் முழுப் படம். முழுப் படத்தைப் பட்டியலில் காட்டவே கூடாது. 12 மெகாபிக்சல் படம் கிளவுடில் நாலு எம்பிதான், ஆனால் போன் அதைத் திரையில் காட்ட விரித்தால் 4000 × 3000 புள்ளி, புள்ளிக்கு 4 பைட், மொத்தம் 48 எம்பி நினைவகம். பட்டியலில் பத்துப் படம் வந்தால் ஐந்நூறு எம்பியை நெருங்கிவிடும், துறைமுகத்தில் ஆட்கள் வைத்திருக்கிற போனில் ஆப் அப்படியே மூடிக்கொள்ளும். சின்னப் படத்தைச் செய்யும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று, போனைச் சாய்த்து எடுத்த படத்தில் எது மேல் பக்கம் என்ற குறிப்பு படத்துக்குள் தனியாகத்தான் இருக்கும். அளவைக் குறைக்கிற கோட் அந்தக் குறிப்பைத் தொலைத்துவிட்டால் படகு பக்கவாட்டில் படுத்துக்கிடக்கும். எடுத்த தேதியும் அதே இடத்தில்தான் இருக்கிறது, அதனால் மூலப் படத்தில் யாரும் கை வைக்கக் கூடாது, அது அப்படியே இருக்க வேண்டும்.

சர்வர் மறுத்தால் ஏன் மறுத்தது என்று கண்டுபிடிப்பதும் அவ்வளவு நேரடியாக இல்லை. 403 என்று வரும், அனுமதி இல்லை என்பதற்கான எண் அது. லிங்க் காலாவதியானாலும் 403தான். எஸ்3-யில், என்னென்ன கோப்பு இருக்கிறது என்று பட்டியலிடும் அனுமதி இல்லாத ஒருவர் இல்லாத கோப்பைக் கேட்டாலும், கோப்பு இல்லை என்கிற 404 வராது, 403தான் வரும், இருக்கிறதா இல்லையா என்பதையே வெளியில் சொல்லக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். ஆக, எண்ணை மட்டும் பார்த்து ஆப்பால் ஒன்றும் முடிவு செய்ய முடியாது. போன் கடிகாரத்தை நம்பி "லிங்க் முடிந்திருக்கும்" என்று கணக்குப் போடவும் முடியாது, தேதி தப்பாக ஓடுகிற போன்கள் நிறைய. நான் வைத்த வழி, 403 வந்தால் ஒரே ஒரு முறை புது லிங்க் வாங்கிப் பார்ப்பது, அதுவும் 403 என்றால் நம் சர்வரைக் கேட்பது. அதற்கு முழு அனுமதி உண்டு, உள்ளதைச் சொல்லிவிடும். நேரம் கடந்ததாலோ சர்வர் திணறுவதாலோ தோற்றால் மட்டும் திரும்பத் திரும்ப முயல வேண்டும், அதுவும் இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே, எல்லாப் போனும் ஒரே நொடியில் கேட்காதபடி கொஞ்சம் முன்பின்னாக. விடியற்காலை படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரை நெருங்கி எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் அந்த முன்பின் ரொம்ப முக்கியம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பட்டியலை மேலே தள்ளும்போது, திரையை விட்டுப் போன வரிசையையே எடுத்து ஆண்ட்ராய்டு கீழே புது வரிசையாகப் பயன்படுத்தும். பழைய வரிசைக்காகக் கேட்ட படம் தாமதமாக வந்து புது வரிசையில் உட்கார்ந்துவிட்டால்? ஒரு படகின் ஓட்டை இன்னொரு படகின் பெயருக்குக் கீழே தெரியும். ஆண்ட்ராய்டில் படத்தை இறக்கிக் காட்ட ஆயத்தமாகக் கிடைக்கிற கிளைட், காயில் போன்ற கோட் நூலகங்கள் இதைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன, வரிசை கைமாறியதும் பழைய கோரிக்கையை ரத்து செய்துவிடும். அந்த வேலையை நாமே கையால் எழுதினால் இந்தக் குழப்பம் தவறாமல் நடக்கும். படம் வராததைவிட அடுத்தவர் படம் வருவது ஆயிரம் மடங்கு மோசம், இந்தத் தொழிலில் அதற்குக் கை கலப்பே நடந்துவிடும்.

கடலுக்குள் போகும் படம்

லிங்க்கை ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க ஆரம்பித்ததும் வேறொரு பக்கம் இடித்தது. மேஸ்திரியின் மகள் சொன்னாள், "அண்ணா, இப்ப எல்லாம் வருது, ஆனா டேட்டா மதியத்துக்குள்ளயே காலியாவுது." படத்தைப் போனில் சேமித்துவைக்கும் நூலகங்கள் லிங்க்கைத்தான் அடையாளமாக வைத்துக்கொள்ளும். கையெழுத்து ஒவ்வொரு முறையும் மாறுவதால் லிங்க்கும் மாறும், ஆக நேற்றுப் பார்த்த அதே படம் இன்றைக்குப் புதுப் படம் என்று நினைத்து முழுசாக இறக்கும். கிளைடிலும் காயிலிலும் அடையாளத்தை நாமே கொடுக்க வசதி இருக்கிறது, பாதையை அடையாளமாகக் கொடுத்ததும் நின்றுவிட்டது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பாதையில் இருக்கும் படத்தின் மேல் இன்னொரு படத்தை எழுதவே கூடாது, மறுபடி எடுத்தால் புதுப் பெயர். இல்லையென்றால் போன் பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும், அதுவும் தவறான தகவல்தான்.

ஆனால் இந்தச் சேமிப்பையும் முழுதாக நம்ப முடியாது. போனில் இடம் குறைந்தால் ஆண்ட்ராய்டு இந்த இடத்தைத்தான் முதலில் காலி செய்யும், நூலகமும் ஒரு அளவுக்கு மேல் பழையதைத் தூக்கிவிடும். வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குப் பரவாயில்லை, மறுபடி இறக்கிக்கொள்ளலாம். விசைப்படகு கிளம்பினால் பல நாள் கழித்துத்தான் திரும்பும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் மொபைல் சிக்னல் கிடையாது. தண்ணீர் ஏறுகிறது, எந்தப் பக்கம் பலகை மாற்றினோம், எங்கே பழையது என்று அங்கே நடுக்கடலில் பார்க்க வேண்டியிருக்கும்போது படம் இல்லையென்றால் என்ன பயன்? அதனால் ஒவ்வொரு படகுக்கும் "கடலுக்கு எடுத்துப்போக" என்று ஒரு பொத்தான் வைத்தேன். அழுத்தினால் அந்தப் படகின் படங்கள் கேஷ் என்கிற அந்தத் தற்காலிகச் சேமிப்பில் இல்லாமல் ஆப்பின் சொந்த இடத்தில் இறங்கி நிற்கும், யாரும் காலி செய்ய மாட்டார்கள். இறக்கும் வேலையை ஆண்ட்ராய்டின் ஒர்க்மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன், நடுவில் சிக்னல் போனாலும் போன் அணைந்து எழுந்தாலும் விட்ட வேலையை அது மறுபடி எடுத்துக்கொள்ளும். எல்லாம் இறங்கிவிட்டதா என்று படகு பெயருக்குப் பக்கத்திலேயே தெரியும். டிரைவர்கள் ஐஸ், டீசல் ஏற்றும்போது இதையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் சோதிக்க எனக்குக் கிடைத்த இடம் மெட்ரோ. விம்கோ நகரில் ஏறினால் திருவொற்றியூர், தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட் என்று மேலேயே வரும் ரயில், புது வண்ணாரப்பேட்டை தாண்டித் தண்டையார்பேட்டைக்குள் இறங்கும்போது தரைக்குக் கீழே போய்விடும். சிக்னல் ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், இணைப்பு இருக்கிறது என்று போன் சொல்லும், ஒரு பைட்கூட நகராது. ஆபீஸ் வைஃபையில் ஆயிரம் முறை ஓடிய ஆப் இங்கே பல்லிளிக்கும். ஆண்ட்ராய்டில் இணைப்பு இருப்பது ஒன்று, அந்த இணைப்பில் இன்டர்நெட் உண்மையில் எட்டுகிறது என்று சரிபார்க்கப்பட்டிருப்பது இன்னொன்று, இரண்டாவதைத்தான் கேட்க வேண்டும் என்பது படித்துத் தெரிந்ததைவிட அந்த இறக்கத்தில்தான் எனக்கு நன்றாக உறைத்தது.

படம் வராமல் திரையில் நிற்காமல் சுற்றும் வட்டத்தின் காரணமும் அங்கேதான் பிடிபட்டது. ஆப் சர்வரோடு பேசப் பயன்படுத்தும் ஓகேஎச்டிடிபி நூலகத்தில் படிப்பதற்கான காத்திருப்பு வழக்கமாக 10 விநாடி. பத்து விநாடி எதுவும் வரவில்லையென்றால் தோல்வி என்று சொல்லிவிடும். ஆனால் எட்டு விநாடிக்கு ஒரு துணுக்கு வந்துகொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும், மொத்தமாக எவ்வளவு நேரம் என்ற வரம்பு நாம் போடாவிட்டால் கிடையாது. ஆக ஒரு படம் பத்து நிமிடம்கூட வந்துகொண்டே இருக்கும். அதுபோல ஐந்து படம் இருந்தால் முடிந்தது, ஒரே சர்வரிடம் ஒரே நேரத்தில் 5 கோரிக்கைக்கு மேல் அது அனுப்பாது, ஆறாவது வரிசையில் நிற்கும். பார்க்கிறவர் திரையில் இருப்பது அந்த ஆறாவதாக இருக்கும். மொத்த நேரத்துக்கு வரம்பு போட்டு, திரையை விட்டுப் போனவற்றை ரத்து செய்து, சின்னப் படங்களை முன்னால் விட்ட பிறகு, ரயில் மறுபடி மேலே வரும்போது பட்டியல் தானாக நிரம்பிவிடுகிறது.

யார் பார்க்கலாம்

இவ்வளவு பாடு எதற்கு, படங்களைப் பொதுவில் திறந்துவைத்துவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கூகுளின் ஃபயர்பேஸ் சேவையில் கிடைக்கிற இறக்கும் லிங்க்கைப் பயன்படுத்தினாலே போதும், நாமாக ரத்து செய்யும்வரை அது காலாவதியாகாது, தரவுத்தளத்தில் எழுதிவைக்கலாம், என் தலைவலியில் பாதி போய்விடும். உண்மைதான், கல்யாணப் படம் என்றால் நானும் யோசித்திருப்பேன். ஆனால் அந்த லிங்க் கையில் கிடைத்த எவரும் பார்க்கலாம், முதலாளி ஒருவருக்கு அனுப்பி, அவர் குரூப்பில் போட்டால் முடிந்தது. படகின் அடிப்பாகத்தில் எங்கே இற்றிருந்தது என்பது அந்தப் படகை விற்கிற நாளில் பல லட்சத்தைக் கூட்டும் குறைக்கும் செய்தி. அதைத் தன் கைக்குள் வைத்திருக்க முதலாளிக்கு உரிமை உண்டு. வேலையைச் செய்து காட்ட மேஸ்திரிக்கு உரிமை உண்டு. இரண்டையும் காப்பாற்ற வேண்டுமென்றால் குறுகிய ஆயுள் லிங்க்தான், அதைப் புதுப்பிக்கிற பாடு எங்களுடையது.

செலவுப் பேச்சும் வந்தது. தடைக்காலத்துக்குத் தடைக்காலம் படங்கள் சேருகின்றன, பழையதை அமேசானின் கிளாசியர் மாதிரி மலிவான குளிர்க் கிடங்கில் தள்ளிவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். அதில் சில வகைகளில் படம் கேட்டால் உடனே வராது, முதலில் மீட்கச் சொல்லிக் கோரிக்கை வைக்க வேண்டும், சாதாரண மீட்புக்கு 3 முதல் 5 மணி நேரம் ஆகலாம், அதுவரை கேட்டால் அதே 403. மேஸ்திரியை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறவர் ஐந்து மணி நேரம் காத்திருப்பாரா? வேண்டாம் என்றேன். சின்னப் படங்கள் எப்போதும் சாதாரண இடத்திலேயே இருக்கும், முழுப் படங்கள் ஒரு வருடம் ஆனதும் உடனே திறக்கிற மலிவு வகைக்குப் போகும், எடுத்துப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் கூடுதல் கட்டணம். கணக்கை மேஸ்திரியின் மகளிடம் காட்டினேன். அப்பாவிடம் கேட்காமலேயே சரி என்று சொல்லிவிட்டாள்.